மும்பைக் கழிகளில் மீன்பிடிக்க ஏற்ற சிறு படகும் தூண்டிலும்

(சங்கத்தின் சித்திரைத் திருநாள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுக் குடும்பத்தினர் பங்குப் பணம் போட்டு மோட்டார்ப் படகு ஒன்று வாங்க முனைந்திருப்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். இருபது அடி நீளமுள்ள பழைய கண்ணாடியிழைப் படகு அது. விடுமுறை நாள்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கழியில் மீன் பிடிக்கச் செல்லலாம் என்பது அவர்கள் கருத்து. விற்பவர் வைகாசிக்குள் பணத்தை எதிர்பார்க்கிறார். சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தூண்டிலும் கையுமாகக் கழிப்பக்கம் போய்வருகிறவர்கள் என்பதால் எங்களிடம் வந்து, "படகு எப்படி?" என்று வினவினர். வீடு வீடாகச் சென்று விடை கூறுவதினும் அவையில் கூறுவது நன்று என்று செயலாளர் விரும்பினார். ஆதலின் எங்கள் விடையை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் படகை வாங்க வேண்டா.

படகில் குறையொன்றும் இல்லை. தட்டிப் பார்த்தோம், கட்டு உறுதியாக இருக்கிறது. கேட்கும் விலையும் மிகையன்று. ஆனால் படகு வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "படகு நல்லதா?" என்பதன்று. "எந்த நீருக்கு?" என்பதே. அதற்கு விடை காண வேண்டுமாயின் நாம் வாழும் இந்நகரத்துக் கடலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

நம்மிற் பலர் சென்னை, நாகை, இராமநாதபுரம், தூத்துக்குடி ஆகிய கடற்கரைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கடல் என்றவுடன் நமக்கு நினைவு வருவது அலை. கரையில் மோதும் அலையைத் தாண்டிவிட்டால் அப்பால் அச்சமில்லை என்று நம் முன்னோர் பழகினர். அதற்கென்றே கட்டுமரம் கண்டனர். ஏற்றமும் வற்றமும் அங்கே பெரிய செய்தியல்ல. பௌர்ணமி, அமாவாசைகளிலும் சென்னைக் கடலின் மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்கும். தூத்துக்குடியில் அதனினும் குறைவு. காலையில் எந்த இடத்தில் படகை இறக்கினோமோ அதே இடத்தில் நண்பகலில் ஏற்றலாம்.

மும்பையின் கதை வேறு. இங்கே அந்நாள்களில் சராசரியாக மூன்றரை மீட்டர், அதாவது இரண்டு ஆள் உயரம், நீர் ஏறி இறங்குகிறது. ஆண்டின் மிகப் பெரிய ஓதங்கள் கணக்கு மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டரை எட்டுவதும் உண்டு. அப்போலோ பந்தரில் 1878ஆம் ஆண்டு முதல் இவ்வோதத்தை அளந்து எழுதி வருகின்றனர் என்றால், இந்நகரத்துத் துறைமுக வாழ்வில் அதற்குள்ள இடத்தை உணரலாம். காலையில் அலையாத்தி மரங்களின் இடுப்பளவு நீர் நின்ற கழி, நண்பகலில் நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் பளபளக்கும் சேறுமாக மாறிவிடும். சிவ்ரியில் பூநாரைகளைக் காண நீங்கள் பிள்ளைகளுடன் போயிருப்பீர்கள். அவை நின்று மேய்கிற அந்தப் பெரும்பரப்பு முழுவதும் சில மணி நேரத்துக்கு முன் படகு ஓடக்கூடிய நீர்ப்பரப்பாக இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

இனி அந்த இருபதடிப் படகைக் கழியில் விட்டுப் பார்ப்போம். அதன் அடிப்பாகம் கூம்பாக, கடலைப் பிளந்து செல்வதற்கென்று அமைந்தது. எஞ்சினும் பெட்ரோலும் ஆட்களும் சேர்ந்தால் முக்கால் டன்னுக்குக் குறையாது. வற்றம் பாதியாகும் வேளையில் வாய்க்காலை விட்டு விலகி ஒரு மேட்டில் தட்டினால், எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அது அசையாது. கூம்படி ஆதலின் நிமிர்ந்தும் நில்லாது. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இறங்கி நடந்து கரையேறலாம் என்று எண்ணுவீராயின், அந்த எண்ணமே பேரிடர். அச்சேறு தொடையளவு இழுக்கும். காலை எடுக்க எடுக்க மற்றொரு கால் புதையும். அதே அளவு நீர் மீண்டும் வர ஆறு மணி நேரம் ஆகும். சித்திரை வெயிலில், நிழலற்ற படகில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஒரு குடம் நீரும் இன்றி ஆறு மணி நேரம் இருத்தலை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஆழ்கடலில் அப்படகு வீரன். நம் கழியில் அது முடவன்.

ஓதத்தை அறிய ஒரு வழியுண்டு. அதற்கு வேண்டிய கருவி உங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஊரிலிருந்து வரவழைத்து நாளொன்றுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிறோமே, அந்த நாள்காட்டியைத்தான் சொல்கிறோம். மும்பையில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஏறத்தாழப் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கும் ஏற்றம் நிறையும். அதன் பின் ஒவ்வொரு திதிக்கும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகத் தள்ளிப்போகும். இக்கரையில் மராத்தியர் வாய்க்கணக்காகவே சொல்வது, திதியின் எண்ணை முக்காலால் பெருக்கு என்பது. சஷ்டி என்றால் ஆறு; ஆறு முக்கால் நாலரை; ஆகவே நாலரை மணிக்கு ஏற்றம் நிறையும். அஷ்டமிக்கு ஆறு மணி. தசமிக்கு ஏழரை. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் கணக்கு ஒன்றே. பகலுக்கும் இரவுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஏற்றம் நிறைந்து ஆறு மணிக்குச் சற்று மேலாகும்போது வற்றம் முடியும். அரை மணி, சில வேளைகளில் ஒரு மணி முன்பின்னாகக்கூடும். ஆதலின் இது நாளைத் தேர்ந்தெடுக்க உதவும் கணக்கே. புறப்படும் நாளில் அச்சிட்ட ஓத அட்டவணையைப் பார்த்தே புறப்பட வேண்டும்.

இக்கணக்கால் விளங்குவது என்ன? பௌர்ணமியோ அமாவாசையோ ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், விடியற்காலை ஆறு மணிக்கு நீங்கள் தூண்டிலோடு கரைக்குப் போனால் அங்கே நீர் இராது. மேலும் அந்நாள்களின் நீரோட்டம் கொடியது. ஏற்றவற்றத்தின் மூன்றாம், நான்காம் மணிகளில் அது மிக விரைந்து ஓடும். துறைமுக வாயிலிலும் கழிமுகங்களிலும் மணிக்கு இரண்டு மூன்று கடல்மைல் வேகம் கொள்ளும். துடுப்பு வலிப்பவன் தளராமல் செல்லக்கூடிய வேகமும் அவ்வளவே. எதிர்நீச்சல் போட்டு நின்ற இடத்திலேயே நிற்பதற்கு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டுமா?

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பழந்தமிழில் உவா என்று பெயர். உவா நாளின் பேரோதத்தை இங்குள்ள கோளி மீனவர் உதாண் என்றும், அஷ்டமியை ஒட்டிவரும் சிற்றோதத்தைப் பாங் என்றும் வழங்குவர். பாங் நாள்களில் ஏற்றவற்றம் சராசரி ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நீரோட்டம் மெல்லியது. சேறு கலங்காமையால் நீரும் ஓரளவு தெளிந்திருக்கும். மீன் இரையைக் காணும். அதிலும் அஷ்டமி, நவமி, தசமி ஆகிய மூன்று நாளும் காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் ஏற்றம் நிறைவது நமக்கென்றே அமைந்தது போன்றது. ஏற்றத்தின் கடைசி மணியில் கழிமுகத்திலிருந்து புறப்பட்டு, நீரோடு உள்ளே ஏறி, திரும்பும் வற்றத்தோடு தூண்டிலிட்டுக்கொண்டே இறங்கி வந்தால், பத்து மணிக்குள் கரை சேரலாம். போகும்போதும் நீர் துணை. வரும்போதும் நீர் துணை. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கலாகாது என்று நம் பாட்டிமார் கூறுவர். மும்பைக் கழியில் படகு பழகுவோர்க்கு அவற்றினும் சிறந்த நாள் இல்லை என்று அவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். ஏகாதசியும் ஏற்றதே, ஆயினும் அன்று மீன் பிடிக்கப் போவதை எந்தப் பாட்டியும் ஒப்பமாட்டார்.

காற்றையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். தை முதல் வைகாசி வரை காலையில் அமைதியாக இருக்கும் கடல், நண்பகலுக்குப் பின் வடமேற்கிலிருந்து எழும் காற்றால் கொந்தளிக்கும். வெளியே ஓடும் வற்றமும் உள்ளே வீசும் காற்றும் ஒன்றையொன்று எதிர்க்கும்போது எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சிறு படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அவ்வலையே. பதினொரு மணிக்குப் பின் நீரில் இருக்கலாகாது என்பது எங்களுக்குள் நாங்கள் வகுத்துக்கொண்ட சட்டம். மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும் அச்சட்டத்துக்கு விலக்கில்லை.

இத்தகைய நீருக்கு எப்படிப்பட்ட படகு வேண்டும்? அதில் ஏறிச் செல்வோரே பிறர் உதவியின்றித் தூக்கவோ இழுக்கவோ கூடிய படகு வேண்டும். இதை நாங்கள் எல்லாவற்றிலும் முதலாகக் கருதுகிறோம். நீளம், நிறம், வேகம் எல்லாம் பின்னர். இவ்வளவுகோலால் அளந்தால் நம் முன் நிற்பவை இரண்டே.

ஒன்று, கயாக் எனப்படும் துடுப்புப் படகு. அதில் பலவகை உண்டு. நமக்கு ஏற்றது, மேலே அமர்ந்து செல்லும் வகை. கட்டியான பிளாஸ்டிக்கால் உள்ளே வெற்றிடமாக வார்த்து, மேற்புறம் மூடியிருப்பார்கள். அமரும் இடத்தில் சிறு துளைகள் இருக்கும். அலை ஏறினால் நீர் அத்துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். உற்று நோக்கினால் இது நமக்குப் புதியதன்று. கட்டுமரமும் இவ்வாறே நீரை உள்ளே கொள்ளாதது, மரங்களின் இடையே நீர் வடியும், மூழ்காது, ஏறுபவன் மேலேதான் இருப்பான். கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் கட்டமரான் என்று கொண்டுபோய் வேறொரு வகைப் படகுக்குச் சூட்டினர். உண்மையில் அப்பெயருக்கு அதனினும் இந்தக் கயாக்கே உரியது என்று எங்களுக்குத் தோன்றும்.

பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமும், இரண்டரை அடிக்கு மேல் அகலமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அகலம் கூடினால் வேகம் குறையும்; ஆனால் மீனை இழுக்கும்போது ஆடாது. வேகத்துக்கென்று வடித்த ஒடுங்கிய கயாக் பார்வைக்கு அழகாக இருக்கும், அதை வாங்கற்க. முப்பது கிலோ அளவுள்ளதை இருவர் தூக்கிச் செல்லலாம். காரின் மேலும் கட்டலாம். சேற்றில் தட்டினால் இறங்க வேண்டியதில்லை. துடுப்பால் உந்தியே பெரும்பாலும் மீண்டுவிடலாம். சிறுவர் உடன்வருவதாயின் இருவர் அமரும் வகையே கொள்க. பெரியவர் பின்னால், சிறுவர் முன்னால். கவிழ்ந்தால் மீண்டும் ஏறுவதை நீச்சல் குளத்திலோ, ஓட்டமில்லாத மார்பளவு நீரிலோ பத்து முறையாவது செய்து பழக வேண்டும். பழகாதவரை நாங்கள் உடனழைத்துச் செல்வதில்லை.

மற்றொன்று, பதினான்கு அடிக்கு மிகாத, தட்டையான அடியுள்ள கண்ணாடியிழைப் படகு. ஒரு சாண் நீரிலும் மிதக்கும். சேற்றில் அமர்ந்தாலும் சாயாது. நால்வர் சேர்ந்தால் உருளைக் கட்டைகளின் மேல் இழுத்துவிடலாம். தட்டையடிக்கு ஒரு குறையுண்டு. அலை வந்தால் அடித்தடித்துக் குலுக்கும். கழியை விட்டு வெளியே போகாதே என்று அதுவே நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதையும் ஒரு நன்மையாகவே கொள்ளலாம். பதினான்கு அடியில் ஆறு பேர் உட்காரலாம் என்று விற்பவர் கூறுவர். உட்காரலாம், மீன் பிடிக்க முடியாது. தூண்டில் வீசுவோர் மூவருக்கு மேல் ஏறலாகாது. இருக்கைகளின் அடியில் மூடிய காற்றறைகளோ நுரைப்பஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். நீர் நிரம்பினாலும் படகு மிதக்க அதுவே காரணம். அது இல்லாத படகைத் தொடவும் வேண்டா.

எஞ்சின் எட்டுக் குதிரைத்திறன் போதும். பத்துக்கு மேல் வேண்டா. இருவர் கழற்றி எடுத்து வீட்டில் வைக்கலாம். படகின் பின்பலகை உயரத்துக்கு எஞ்சினின் தண்டு நீளம் பொருந்த வேண்டும். பதினைந்து அங்குலப் பலகையில் இருபது அங்குலத் தண்டை மாட்டினால், ஆழமற்ற கழியில் ஐந்து அங்குலத்தை வீணே இழந்தவர்களாவோம். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஒன்று இருக்கும். ஓட்டுபவர் அதைக் கையிலோ அரையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இல்லையேல் ஆளில்லாத படகு சுற்றிவந்து விழுந்தவரையே தாக்கும். பெட்ரோலை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று என வைத்துக்கொள்க. எஞ்சின் இருந்தாலும் துடுப்பு இரண்டு கட்டாயம் இருத்தல் வேண்டும். இந்நகரத்து நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைத்துண்டுகளும் விசிறியில் சுற்றிக்கொள்ளாத வாரம் அரிது.

காற்றடைக்கும் ரப்பர்ப் படகு மலிவாயிற்றே, மடித்து அலமாரியில் வைக்கலாமே என்று இளைஞர் சிலர் கேட்டனர். இங்குள்ள பாறையெல்லாம் சிப்பி ஒட்டிக் கத்தி போலிருக்கும். ஒரு உரசல் போதும். இன்னொரு காரணமும் உண்டு. 2008 நவம்பர் 26 அன்று இந்நகரைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றிக் கடல்வழி வந்து, கொலாபாப் பக்கத்து மீனவர் குடியிருப்பில் ரப்பர்ப் படகில்தான் இறங்கினர். அந்நாளை இக்கரை மறக்கவில்லை. முன்பின் அறியாத நால்வர் ரப்பர்ப் படகில் விடியலில் வந்திறங்கினால் மீனவரும் காவலரும் ஐயுறுவதில் வியப்பென்ன?

ஆகவே எந்தப் படகாயினும் முறைப்படி செல்க. எஞ்சின் பொருத்திய படகுக்கு மாநிலக் கடல்சார் வாரியத்தின் பதிவு வேண்டும். கயாக்காக இருந்தாலும் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்வது நன்று. அடையாள அட்டை உடனிருத்தல் வேண்டும். கடற்படைத் தளம், துறைமுகங்கள், பெட்ரோலியக் கப்பல்கள் நிற்கும் ஜவகர் தீவு, டிராம்பேயின் அணுசக்திக் கரை ஆகியவற்றின் பக்கமே போகலாகாது. தாணேக் கழியில் ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடையே மேற்குக் கரை 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. அது பறவைகளின் இடம். தூண்டிலோடு அங்கே நமக்கு வேலையில்லை. வடக்கே வசாய்க் கழி, மனோரிக் கழி, தெற்கே தர்மதர் கழி என்று நமக்கு இடத்துக்குக் குறைவில்லை.

அவ்விடங்களும் உரிமையாளர் இல்லாதவை அல்ல. கோளி மக்கள் இந்நகரத்தின் ஆதிக்குடிகள். மும்பை என்ற பெயரே அவர்கள் வழிபடும் மும்பாதேவியால் வந்தது. கழிமுகங்களில் அவர்கள் கம்பம் நட்டு டோல் என்னும் பை வலைகளைக் கட்டியிருப்பர். நீரோட்டம் மீனை வலைக்குள் தள்ளும். பொம்பில் பெரும்பாலும் அதில்தான் படுகிறது. அக்கம்பங்களில் படகைக் கட்டாதீர். வலையின் மேலோட்டப் பக்கத்தில் மிதக்காதீர். ஓட்டம் உங்களை வலைக் கயிற்றின் மேல் கொண்டுபோய் வைத்தால், படகு குறுக்காகத் திரும்பி நொடியில் கவிழும், வலையும் கிழியும். நாம் பொழுதுபோக்காகச் செல்வது அவர்களுக்கு அன்றாடச் சோறு. பிடித்ததை விற்பதும் நமக்குத் தகாது.

இதனால்தான் முதல் ஓராண்டுக்குப் படகே வாங்க வேண்டா என்கிறோம். கோளி மீனவர் ஒருவரின் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அவரே ஓட்ட, வெவ்வேறு திதிகளில் ஏழெட்டு முறை சென்று வாருங்கள். எந்த வளைவில் மேடு, எந்தப் பாறை வற்றத்தில் தலைதூக்கும், எங்கே நீர் சுழிக்கும் என்பன எந்த வரைபடத்திலும் அவரளவு தெளிவாக இரா. தொழில்முறை எஞ்சின் படகுகளுக்கு ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடையுண்டு. தடை நம்மைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மழைக்காலக் கடல் சிறு படகுக்கு உரியதன்று. ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் கோளி மக்கள் தேங்காயைக் கடலுக்குப் படைத்து நாரளிப் பௌர்ணமி கொண்டாடிய பின்னரே முறையாகக் கடலுக்குச் செல்வர். நாம் அதன் பின்னும் ஒரு மாதம் பொறுப்போம். வைகாசியில் பழைய படகுகள் மலிவாக விலைக்கு வருவதன் காரணமும் இதனால் விளங்கும். அடுத்த நான்கு மாதம் அவற்றைத் தார்ப்பாய் போர்த்திக் காக்கும் செலவை விற்பவர் நம் தலையில் இறக்குகிறார்.

உயிர்க்காப்புச் சட்டையைப் பற்றித் தாய்மார்கள் கேட்கும் முன் நாங்களே சொல்கிறோம். 2024 டிசம்பர் 18 அன்று, எலிபெண்டாத் தீவுக்குச் சென்றுகொண்டிருந்த பயணப் படகின் மேல் கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரின் கண்ணெதிரே, பட்டப்பகலில், அமைதியான நீரில் நடந்தது அது. நன்கு நீந்தத் தெரிந்தவன் தலையில் அடிபட்டால் நீந்த மாட்டான். சட்டை படகில் கிடந்தால் பயனில்லை. உடம்பில் இருக்க வேண்டும். வார்கள் எல்லாம் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர் சட்டையைப் போட்டுவிடலாகாது. தோளைப் பிடித்துத் தூக்கினால் தலைவழியே கழன்று வரும். அதைத்தான் நீரும் செய்யும். அவர்கள் எடைக்கேற்ற அளவில், கால்களுக்கிடையே வார் உள்ளதாக வாங்க வேண்டும். கைப்பேசியை நீர்புகாத உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்க. கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. நங்கூரம் இடுவதாயின் எப்போதும் அணியத்தில், அதாவது முன்தலையில் கட்டி இடுக. அமரத்தில் கட்டினால் ஓட்டம் பின்புறத்தை அமிழ்த்திவிடும். கயிறு நீராழத்தைப் போல் ஐந்து மடங்கு வேண்டும். கயாக்கில் ஓட்டமுள்ள இடத்தில் நங்கூரமே இடாதிருத்தல் நலம்.

இனித் தூண்டில். இதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஏனெனில் படகில் தவறினால் உயிர்க்கு ஏதம், தூண்டிலில் தவறினால் மீன் தப்பும், அவ்வளவே. ஆறரை அடி முதல் ஏழடிக் கோல், நடுத்தர வலிமையுள்ளது, ஒன்று போதும். சிறு படகில் நீண்ட கோல் பக்கத்திலிருப்பவர் தொப்பியைத்தான் பிடிக்கும். 3000 அல்லது 4000 அளவு எண்ணுள்ள, உப்பு நீருக்கென்று செய்த சுழல் உருளை. அதில் 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல். முள்ளுக்கு முன்னால் ஒரு கை நீளம் 40 பவுண்டுத் தடித்த நரம்பு கட்ட வேண்டும். இது ஏனெனில், நம் கழிகளின் அரசன் கொடுவா. மராத்தியர் ஜிதாடா என்று போற்றுவது. அதன் செவுள் மூடியின் விளிம்பு சவரக் கத்தியைப் போன்றது. மெல்லிய நூலை ஒரே சிலுப்பில் அறுத்துவிடும். உருளையில் நூலை நழுவவிடும் திருகு ஒன்றுண்டு. அதை நூலின் வலிமையில் கால் பங்குக்கு இழுத்தால் நழுவும்படி வைத்துக்கொள்க. மிக இறுக்கி வைப்பவர் நூலையும் இழப்பர், மீனையும் இழப்பர்.

இரைக்கு உயிருள்ள இறாலுக்கு நிகர் இல்லை. வெள்ளையாக ரப்பரில் செய்த சிறுமீனும் பாங் நாள்களின் தெளிநீரில் நன்கு பயன்படும். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வண்ண வண்ண இரைகள் பெரும்பாலும் பிடிப்பது வாங்குவோரைத்தான். பணம் செலவிட மனமில்லாதவர்க்குக் கைத்தூண்டில் போதும்; ஒரு மரக்கட்டையில் சுற்றிய நைலான் நரம்பு, ஓர் ஈயக்குண்டு, இரண்டு முள். சிறுவர்க்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறோம். மீன் கொத்துவதை விரல் நேரே உணரும்; கோலும் உருளையும் பின்னர் வரட்டும். வீடு திரும்பியதும் கோலையும் உருளையையும் நல்ல நீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்துக. ஒரு வாரம் மறந்தால் உப்பு உருளையைத் தின்றுவிடும்.

படும் மீன்களில் காலா, செப்பிலி, களவா முதலியவை வரும். எல்லாவற்றினும் மிகுதியாகக் கெளிறு வரும். கெளிற்றின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முள் நஞ்சுடையது. அதை வெறுங்கையால் பிடியாது, குறடால் முள்ளைக் கழற்றுக. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் கடுப்பு தணியும். அதன்பின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு குடுவை வெந்நீரை நாங்கள் காப்பிக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. பந்துபோல் உப்பும் பேத்தை மீனை உண்ணலாகாது. நகரத்தின் சாக்கடை கலக்கும் உட்கழிகளில் பிடித்த எதையும் நாங்கள் அடுக்களைக்குக் கொண்டுவருவதில்லை, விட்டுவிடுகிறோம். பெரிய கொடுவாவையும் விட்டுவிடுக. அம்மீன் இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாகிறது; ஆகவே மிகப் பெரியவை எல்லாம் முட்டையிடும் தாய்கள். நம்முடன் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் வருகின்றனர். பிடிப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். விடுவதில் அதனினும் தேர்ந்தவர்கள்.

எட்டுக் குடும்பத்தார்க்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. சேர்ந்திருக்கும் பணத்தில் முதலில் பெரியவர் அளவிலும் சிறுவர் அளவிலுமாக உயிர்க்காப்புச் சட்டைகள் வாங்குங்கள். நான்கு கைத்தூண்டில், இரண்டு கோல் வாங்குங்கள். எஞ்சியது வங்கியில் இருக்கட்டும். மழை ஓய்ந்து, புரட்டாசியில் ஞாயிற்றுக்கிழமையோடு கூடிய அஷ்டமியோ நவமியோ தசமியோ வருகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். வராவிட்டால் ஐப்பசியில் பாருங்கள். அந்நாளில் கோளி நண்பர் ஒருவரின் படகில் உங்களை அழைத்துச் செல்ல நாங்கள் இருக்கிறோம். புரட்டாசியில் வீட்டில் மீன் சமைப்பதில்லையே என்று தயங்க வேண்டா. அன்று பிடிப்பதை எல்லாம் விட்டுவிடுவோம். வருவோர் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். பிள்ளைகளின் எடையையும் உடன் எழுதிக் கொடுத்தால் சட்டை வாங்க உதவும்.